பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து எடுத்த புளூட்டோனியத்தை மீண்டும் உலையில் இடுவதால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது?

கேள்வி: வைகை ஆசிரியை

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். அணுக்கருப் பிளவு பாடத்தை நடத்தும்போதெல்லாம், பயன்படுத்தி முடிந்த எரிபொருளை என்ன செய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பாடநூல் அதைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவதால், நானே தேடிப் படிக்கத் தொடங்கினேன். பிரான்சு நாட்டில் அந்த எரிபொருளைக் கரைத்து, அதிலுள்ள புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, யுரேனிய ஆக்சைடோடு கலந்து "மாக்ஸ்" எனப்படும் கலப்பு ஆக்சைடு எரிபொருளாக்கி, வழக்கமான மின் உலைகளிலேயே மீண்டும் இடுகிறார்கள் என்று அறிந்தேன். உலையிலிருந்து வெளிவரும் எரிபொருளில் 96 விழுக்காடு மறுபடி பயன்படக்கூடியது என்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஐயம் எழுகிறது. 96 விழுக்காடு மறுபடி பயன்படும் என்றால், அந்த நாடு ஏன் இன்னும் ஆயிரக்கணக்கான டன் யுரேனியத்தை வெளியிலிருந்து வாங்குகிறது? மாக்ஸ் எரிபொருளை உலை முழுவதும் நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளாக நிறுத்திக்கொள்வதற்கு இயற்பியல் காரணம் ஏதேனும் உண்டா? ஒருமுறை எரிந்த மாக்ஸை இரண்டாம் முறையும் அதேபோல் பயன்படுத்த முடியுமா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றாயிருக்கும். என் மாணவர்கள் எண்களைக் கண்டு அஞ்சுபவர்கள் அல்லர்.

பதில்: நியூட்ரான் நேசன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். 96 விழுக்காடு என்ற எண் தவறானதன்று. ஆனால் அதற்குள் வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் முதல் ஐயம் தீரும். சாதாரண நீரால் குளிர்விக்கப்படும் உலையில் மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்து வெளிவரும் எரிபொருளில் ஏறத்தாழ 95 பங்கு யுரேனியம், ஒரு பங்கு புளூட்டோனியம். எஞ்சிய நான்கு பங்கில் பெரும்பகுதி சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலான பிளவுப் பொருள்கள், மிகச் சிறுபகுதி அமெரிசியம், கியூரியம் போன்ற கன தனிமங்கள். அந்த 95 பங்கு யுரேனியத்தில் மெதுவான நியூட்ரானால் பிளவுறும் யுரேனியம்-235 ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் யுரேனியம்-238. இந்த யுரேனியத்தை மறுபடி செறிவூட்டி, அதாவது யுரேனியம்-235-இன் பங்கை உயர்த்தி, பயன்படுத்த முடியும். பிரான்சின் குருவாஸ் நிலையத்தில் அப்படிப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆயினும் நியூட்ரானை வீணாக விழுங்கும் யுரேனியம்-236 அதில் சேர்ந்திருப்பதால் கூடுதலாகச் செறிவூட்ட வேண்டியிருக்கிறது. எனவே பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கிறது. ஆக, "மறுபடி பயன்படக்கூடியது" 96 பங்கு என்றாலும், இன்றைய உலைகளில் உடனடி மதிப்புடையது அந்த ஒரு பங்கு புளூட்டோனியம்தான்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன், ஏனென்றால் பலருக்கும் இது வியப்பாக இருக்கும். யுரேனியத்தை மட்டுமே இட்டுத் தொடங்கும் உலையிலும் யுரேனியம்-238 நியூட்ரானை ஏற்று, நெப்டூனியம் வழியாகப் புளூட்டோனியம்-239 ஆக மாறிக்கொண்டே இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அங்கேயே பிளவுற்று எரிந்தும்விடுகிறது. ஓர் எரிபொருள் கட்டு உலையில் இருக்கும் காலம் முழுவதையும் கணக்கிட்டால், அது தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புளூட்டோனியத்திலிருந்து வந்ததுதான். மாக்ஸ் என்பது உலைக்கு அறிமுகமில்லாத புதுப் பொருள் அன்று. உள்ளே தானாக விளைந்து எரிந்துகொண்டிருந்ததை வெளியே எடுத்து, செறிவைக் கூட்டி, திரும்ப வைப்பதுதான்.

அந்த வேலை நடக்கும் விதம் இது. நார்மண்டிக் கடலோரத்தில் உள்ள லா ஆக் ஆலைக்கு வந்த எரிபொருள் முதலில் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் ஆற வைக்கப்படுகிறது. பிறகு தடித்த சுவர்களுக்கு அப்பால் இயந்திரக் கைகளால் எரிபொருள் கோல்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெய்க் கரைப்பானை அதனோடு சேர்த்துக் கலக்கும்போது யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்ப் பக்கம் போய்விடுகின்றன. பிளவுப் பொருள்கள் அமிலத்திலேயே தங்கிவிடுகின்றன. அடுத்து, புளூட்டோனியத்தின் இணைதிறனை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தால் அது எண்ணெயை விட்டு மீண்டும் நீருக்குள் இறங்கிவிடும். உங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் ஒரே மூச்சில் விளக்கக்கூடிய ஒரு தத்துவத்தின் மேல்தான் இத்தனை பெரிய தொழில் நிற்கிறது. பிரிந்த புளூட்டோனியம் ஆக்சைடு தூளாக மாற்றப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், ரோன் ஆற்றங்கரையிலுள்ள மார்குல் என்ற இடத்து மெலாக்ஸ் ஆலைக்குச் சாலை வழியாகச் செல்கிறது. 1995-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையில் அது செறிவிழந்த யுரேனிய ஆக்சைடோடு கலந்து அரைக்கப்பட்டு, வில்லைகளாக அழுத்தப்பட்டு, 1,700 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் சுடப்படுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆயிரம் டன்னைச் சற்றே தாண்டும் எரிபொருளை மறுசெயலாக்கினால் ஏறத்தாழ பத்து டன் புளூட்டோனியம் கிடைக்கிறது. அதிலிருந்து சுமார் 120 டன் மாக்ஸ் செய்யலாம். ஏழெட்டு பழைய கட்டுகளுக்கு ஒரு புதிய மாக்ஸ் கட்டு என்ற விகிதம் இது. பிரான்சின் அணு மின்சாரத்தில் ஏறத்தாழ பத்து விழுக்காடு இவ்வழியாக வருகிறது. புதிய யுரேனியத் தேவையில் குறைவதும் அந்த அளவை ஒட்டியதே. எஞ்சிய தேவைக்கு யுரேனியத்தை வாங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளாக நிறுத்துவதற்கு இயற்பியல் காரணம் உறுதியாக உண்டு. பிளவின்போது பெரும்பாலான நியூட்ரான்கள் அதே நொடியில் வெளிவந்துவிடுகின்றன. மிகச் சிறு பகுதி மட்டும் சில நொடிகள், சில வேளைகளில் ஒரு நிமிடம்கூடத் தாமதித்து, பிளவுப் பொருள்களிலிருந்து வருகிறது. உலையை மனிதரும் கருவியும் நிதானமாகக் கட்டுப்படுத்த முடிவது இந்தத் தாமத நியூட்ரான்களால்தான். யுரேனியம்-235 பிளவில் அவற்றின் பங்கு 0.65 விழுக்காடு, புளூட்டோனியம்-239 பிளவில் 0.21 விழுக்காடு. மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. அதோடு, மெதுவான நியூட்ரான்களைப் புளூட்டோனியம் மிக வலுவாக உறிஞ்சிக்கொள்வதால், நீரில் கரைந்துள்ள போரானுக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கி அவற்றின் வலிமை குறைகிறது. யுரேனியத்துக்காக வடிவமைத்த உலையில், கூடுதல் கோல்களைச் சேர்த்த பிறகும்கூட, 30 விழுக்காடு வரை என்று வரம்பிட்டிருப்பது இதனால்தான். 1987-இல் சான் லோரான் நிலையத்தில் முதன்முதலாக மாக்ஸை ஏற்றியதிலிருந்து பிரான்சின் 900 மெகாவாட் உலைகளில் இந்த வரம்பைத்தான் பின்பற்றி வருகிறார்கள். யுரேனியக் கட்டும் மாக்ஸ் கட்டும் அடுத்தடுத்து நிற்கும்போது எல்லையில் உள்ள கோல்கள் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க, மாக்ஸ் கட்டின் ஓரங்களில் புளூட்டோனியத்தைக் குறைத்தும் நடுவில் கூட்டியும் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தொடக்கத்திலிருந்தே முழு மாக்ஸுக்காக உலையை வடிவமைப்பதும் முடியாத செயலன்று.

மூன்றாவது கேள்விதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. புளூட்டோனியத்தின் ஐசோடோப்புகளில் 239, 241 என்ற ஒற்றைப்படை எண்கள் மெதுவான நியூட்ரானால் பிளவுறுகின்றன. 240, 242 பெரும்பாலும் பிளவுறாமல் நியூட்ரானை விழுங்குகின்றன. 239-கூட தன்னிடம் வரும் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் பிளவுறுவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு முறை அதனை வைத்துக்கொண்டு 240 ஆகிவிடுகிறது. ஆகவே ஒருமுறை எரிந்த மாக்ஸில் புளூட்டோனியத்தின் மொத்த அளவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைகிறது. எஞ்சியதன் தரமோ தாழ்ந்துவிடுகிறது. கரும்பை இரண்டாம் முறை ஆலையில் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் சாறு வரும். அதற்கு மேல் சக்கைதான் மிகும் என்பது போன்ற நிலை இது. தரக்குறைவை ஈடுசெய்யப் புளூட்டோனிய விகிதத்தை உயர்த்திக்கொண்டே போகவும் இயலாது. ஏறத்தாழ 12 விழுக்காட்டைத் தாண்டினால், நீர் ஆவியாகி வெற்றிடம் ஏற்படும்போது வினை தணிய வேண்டியதற்கு மாறாக வளரக்கூடிய நிலை உருவாகிறது. அதை எந்த உரிம ஆணையமும் ஏற்காது. அமெரிசியமும் கியூரியமும் மிகுந்திருப்பதால் எரிந்த மாக்ஸ் யுரேனிய எரிபொருளைவிட நெடுங்காலம் சூடாகவே இருக்கிறது. எனவே பிரான்சு அதனை வழக்கமாக மறுசெயலாக்குவதில்லை. லா ஆக் தொட்டிகளில் அது காத்திருக்கிறது. அத்தொட்டிகளும் நிரம்பிவருவதால் இட நெருக்கடி அங்கே பெரிய பேச்சாக இருக்கிறது.

வழக்கமான நீர் உலைகளில் மறுசுழற்சி என்பது ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்கு மதிப்பு உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைச் சுழற்சி என்று அழைக்கும்போது ஏற்படும் எதிர்பார்ப்பை அது நிறைவேற்றுவதில்லை.

பதில்: பொருளியல் பார்வை

மேலே உள்ள இயற்பியல் விளக்கத்தோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் அந்த ஒரு சுற்றுக்கு மதிப்பு உண்டு என்ற முடிவை, பிரான்சுக்கு வெளியே நடந்தவற்றையும் பார்த்த பிறகே ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

இந்தத் தொழில் 1970-களின் ஓர் எதிர்பார்ப்பில் வேர்கொண்டது. யுரேனியம் விரைவில் அரிதாகிவிடும், அணு உலைகள் ஆயிரக்கணக்கில் பெருகும், ஆகவே புளூட்டோனியம் பொன்னுக்கு நிகராகும் என்று அரசுகள் நம்பின. உலைகள் அவ்வளவு பெருகவில்லை. யுரேனியம் போதுமான அளவுக்குக் கிடைத்தது. 1980-களில் விலையும் சரிந்தது. ஆனால் ஆலைகளைக் கட்ட எடுத்த முடிவுகளைத் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை. பிரிட்டனைப் பாருங்கள். செல்லாஃபீல்டில் ஆண்டுக்கு 120 டன் மாக்ஸ் செய்வதாகத் திட்டமிட்டுக் கட்டிய ஆலை, இயங்கிய காலம் முழுவதற்கும் சேர்த்து 15 டன்னைக்கூட எட்டாமல் 2011-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1999-இல், அங்கிருந்த ஒரு முன்னோடிக் கூடத்தில் ஜப்பானின் தகஹாமா உலைக்காகச் செய்த வில்லைகளின் அளவீட்டுப் பதிவுகள் போலியாக நிரப்பப்பட்டிருந்தது வெளியாகி, ஜப்பான் வரை சென்ற எரிபொருள் கப்பலேறித் திரும்ப வந்தது. இன்று பிரிட்டனின் கையில் ஏறத்தாழ 140 டன் பிரித்தெடுத்த புளூட்டோனியம் இருக்கிறது. குடிமைப் பயன்பாட்டுக்கான இருப்பாக உலகிலேயே மிகப் பெரியது அதுதான். அதை எரிபொருளாக்குவது பற்றிப் பல ஆண்டுகள் பேசிய பிறகு, 2025 சனவரியில் பிரிட்டன் அரசு அதனைப் பீங்கான் போன்ற திண்மப் பொருளுக்குள் பூட்டி நிலத்தின் ஆழத்தில் புதைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது.

அமெரிக்காவின் கதை வேறு வகையானது. ஆனால் முடிவு ஒன்றுதான். 1974-இல் இந்தியா பொக்ரானில் நடத்திய வெடிப்பில் பயன்பட்ட புளூட்டோனியம் சைரஸ் ஆராய்ச்சி உலையின் எரிபொருளை மறுசெயலாக்கி எடுத்தது என்பதால் எழுந்த கவலை, 1977-இல் அதிபர் கார்ட்டர் வணிக மறுசெயலாக்கத்தைக் காலவரையின்றித் தள்ளிவைக்க ஒரு முக்கியக் காரணமாயிற்று. பின்னாளில், பனிப்போர் ஆயுதங்களிலிருந்து மிஞ்சிய புளூட்டோனியத்தில் ஆளுக்கு 34 டன்னை அழிப்பதாக 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உடன்பாடு செய்துகொண்டன. அமெரிக்கப் பங்கை மாக்ஸ் ஆக்குவதற்குத் தென் கரோலினாவின் சவான்னா ரிவர் வளாகத்தில் 2007-இல் கட்டத் தொடங்கிய ஆலை, செலவு பன்மடங்கு பெருகி, நூற்றுக்கணக்கான கோடி டாலர் கரைந்த பிறகு, ஒரு வில்லைகூடச் செய்யாமல் 2018-இல் கைவிடப்பட்டது. ரஷ்யாவோ 2016-இலேயே உடன்பாட்டை நிறுத்திவைத்துவிட்டது. ஜப்பானில் ரொக்காஷோ மறுசெயலாக்க ஆலையின் கட்டுமானம் 1993-இல் தொடங்கியது. அது முடியும் நாள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டு வருவதை அனைவரும் அறிவர்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கணக்கு வைப்பதில் உள்ள சிக்கல். பன்னாட்டு அணுசக்தி முகமை எட்டு கிலோ புளூட்டோனியத்தை ஓர் ஆயுதத்துக்குப் போதுமான அளவாகக் கருதுகிறது. ரொக்காஷோ முழு வேகத்தில் இயங்கினால் ஆண்டுக்கு எட்டு டன் அளவுக்குப் புளூட்டோனியம் அதன் குழாய்களிலும் தொட்டிகளிலும் ஓடும். அளவீட்டில் ஒரே ஒரு விழுக்காடு நிச்சயமின்மை இருந்தாலும் அது 80 கிலோ. அதாவது பத்து ஆயுதங்களின் அளவு, எவரும் களவாடாமலே, ஏட்டில் "இருக்கிறதா இல்லையா" என்ற நிலையில் நிற்கும். கேமராக்களும் முத்திரைகளும் இந்த இடைவெளியைப் பெருமளவு அடைக்கின்றன. ஆனால் பயன்படுத்திய எரிபொருளைக் கட்டுகளாகவே வைத்திருந்தால் எண்ணிப் பார்த்தாலே கணக்கு முடிந்துவிடும். அரை டன் எடையும் நெருங்க முடியாத கதிர்வீச்சும் கொண்ட ஒரு கட்டை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தக் காவலைத் தூளாக்கிக் கலைப்பதுதான் மறுசெயலாக்கத்தின் முதல் விளைவு.

பதில்: நியூட்ரான் நேசன்

கணக்கு வைப்பதைப் பற்றி நீங்கள் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். பிரித்தெடுத்தும் பயன்படுத்தாமல் குவித்து வைப்பதே எல்லாவற்றிலும் மோசமான நிலை என்பது பிரிட்டனின் அனுபவத்திலிருந்து தெளிவாகிறது. அப்படிக் குவிப்பதில் தொழில்நுட்பக் கேடு ஒன்றும் உண்டு. புளூட்டோனியம்-241-இன் அரை ஆயுள் 14 ஆண்டுகள்தாம். அது அமெரிசியம்-241 ஆக மாறுகிறது. பிளவுறக்கூடிய ஒன்று குறைந்து, நியூட்ரானை விழுங்குவதும் காமாக் கதிரை வீசுவதுமான ஒன்று பெருகுகிறது. பத்து, இருபது ஆண்டுகள் கிடங்கில் இருந்த தூளைக் கையுறைப் பெட்டியில் கையாளும் தொழிலாளிக்குக் கிடைக்கும் கதிரளவு புதுத் தூளில் கிடைப்பதைவிடக் கணிசமாகக் கூடும். பிரித்தால் உடனே எரிக்க வேண்டும். எரிக்க உலை இல்லாவிட்டால் பிரிக்கவே கூடாது. பிரான்சு இந்த ஒழுங்கைப் பெருமளவு காத்து வந்தது. ஆயினும் மெலாக்ஸ் ஆலையில் அண்மை ஆண்டுகளில் யுரேனியத் தூளைத் தயாரிக்கும் முறை மாறியதால் சீராகக் கலக்காத வில்லைகள் பெருகி, உற்பத்தி வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே இறங்கியபோது, அங்கும் புளூட்டோனியம் தேங்கத் தொடங்கியது. சங்கிலியின் ஒரு கண்ணி நின்றாலும் மற்ற கண்ணிகள் காத்திருக்காது என்பதற்கு அது நல்ல சான்று.

வைகை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. தாமத நியூட்ரான் பற்றிய விளக்கத்தை நேரடியாகவே வகுப்பில் பயன்படுத்தப் போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். புகுஷிமாவின் மூன்றாம் உலையில் மாக்ஸ் இருந்ததால்தான் விபத்து கடுமையாயிற்று என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? கல்பாக்கத்தில் புளூட்டோனியத்தைக் கொண்டு ஈனுலை (எரிவதைவிடக் கூடுதல் எரிபொருளை விளைவிக்கும் உலை) கட்டியிருப்பதைப் பற்றி மாணவர்கள் நாளிதழ்களில் படித்திருக்கிறார்கள். பிரான்சு செய்வதும் நாம் செய்வதும் ஒன்றா? மேலே சொன்ன செலவும் இடையூறும் நமக்கும் பொருந்தும் அல்லவா?

பதில்: சதுரங்கப்பட்டினம்

ஆசிரியை அவர்களே, புகுஷிமா மூன்றாம் உலையில் இருந்த 548 கட்டுகளில் மாக்ஸ் 32 மட்டுமே. அவையும் விபத்துக்கு முந்தைய ஆண்டில்தான் ஏற்றப்பட்டவை. மாக்ஸ் இல்லாத முதலாம், இரண்டாம் உலைகளும் அதே வகையில் உருகின. ஆழிப்பேரலையால் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போய், எஞ்சிய வெப்பத்தை அகற்ற வழியில்லாமல் போனதே காரணம். நிலத்தையும் மக்களையும் பாதித்தவை பெரும்பாலும் சீசியமும் அயோடினும்தாம். அந்தக் கூற்றை வகுப்பில் மறுத்தே சொல்லலாம்.

கல்பாக்கத்தில் நடப்பது பிரான்சின் நீர் உலைகளில் நடப்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. பிரான்சுக்கு மாக்ஸ் என்பது யுரேனியச் செலவில் ஒரு குறைப்பு. இந்தியாவுக்கோ அது மூன்று கட்டத் திட்டத்தின் நடுக்கட்டம். நம் நாட்டில் யுரேனியம் குறைவு; மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் மிகுதி. தோரியம் தானாகப் பிளவுறாது. அதை யுரேனியம்-233 ஆக மாற்ற நியூட்ரான் வேண்டும். எனவே முதலில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலைகளில் எரித்துப் புளூட்டோனியம் பெறுவது, அதனை அதிவேக ஈனுலைகளில் இட்டுப் பெருக்குவது, கடைசியாகத் தோரியத்துக்கு மாறுவது என்று ஹோமி பாபா 1950-களில் வகுத்த வரிசை இன்றும் திட்டத்தின் அடித்தளமாக இருக்கிறது.

முதல் கட்டத்தில் ஒரு கடினம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னை அணு மின் நிலையம் போன்ற கனநீர் உலைகளில் எரிபொருள் டன்னுக்கு ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள் ஆற்றல் தந்ததும் வெளியே எடுக்கப்படுகிறது. பிரான்சின் உலைகளில் அது 45,000 அளவில் இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு டன் எரிபொருளைக் கரைத்தால் பத்து கிலோ புளூட்டோனியம். இங்கே நான்கு கிலோகூடத் தேறாது. அதே அளவைப் பெற நாம் ஏறத்தாழ மூன்று மடங்கு எரிபொருளை வெட்டிக் கரைக்க வேண்டும். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களிலுள்ள மறுசெயலாக்க ஆலைகளின் திறன்தான் ஈனுலைத் திட்டத்தின் வேகத்தை முடிவு செய்கிறது. குறைவாக எரிந்ததால் நமது புளூட்டோனியத்தில் 239-இன் பங்கு சற்றுக் கூடுதலாக இருப்பது ஒரு நன்மை.

நியூட்ரானை மெதுவாக்காமல் வேகமாகவே பயன்படுத்தினால் மேலே நண்பர் குறிப்பிட்ட இடையூறு பெருமளவு விலகுகிறது. வேக நியூட்ரானால் 240-உம் 242-உம் ஓரளவு பிளவுறுகின்றன; 239 வீணாக விழுங்கும் பங்கு குறைகிறது; ஒவ்வொரு பிளவிலும் வெளிவரும் நியூட்ரானும் சற்றுக் கூடுகிறது. உலைக்கருவைச் சுற்றிச் செறிவிழந்த யுரேனியத்தைப் போர்த்தி வைத்தால், எரிவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே புதிய புளூட்டோனியம் விளையும். நீர் நியூட்ரானை மெதுவாக்கிவிடும் என்பதால் குளிர்விக்க உருகிய சோடியத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

கல்பாக்கத்தின் சிறிய சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் முதன்முறையாகத் தொடர்வினையை எட்டியது. பிரான்சின் ராப்சோடி உலையை ஒட்டி வடிவமைக்கப்பட்ட அதற்கு, செறிவூட்டிய யுரேனியம் கலந்த ஆக்சைடு எரிபொருளே முதலில் கருதப்பட்டது. 1974-க்குப் பிறகு அத்தகைய யுரேனியம் வெளியிலிருந்து கிடைக்கும் வழி அடைபட்டதால், 70 விழுக்காடு புளூட்டோனியக் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியக் கார்பைடும் கொண்ட எரிபொருளை இங்கேயே உருவாக்கினார்கள். முழு உலைக்கருவையும் இவ்வகைக் கார்பைடால் இயக்கிய முன்னனுபவம் உலகில் எங்கும் இல்லை. காற்றுப் பட்டால் தீப்பற்றக்கூடிய தூள் என்பதால் வினைபுரியாத வாயு நிரப்பிய பெட்டிகளுக்குள்தான் அதைக் கையாள முடியும். மிகக் குறைந்த எரிப்பளவில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் கோல்களை வெட்டி ஆராய்ந்து, டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை உயர்த்தினார்கள். அப்படி எரிந்த கார்பைடைக் "கோரல்" என்ற சிறு மறுசெயலாக்கக் கூடத்தில் கரைத்து, கிடைத்த புளூட்டோனியத்தை அதே உலைக்குத் திரும்பவும் எரிபொருளாக அளித்தார்கள். சிறிய அளவில் என்றாலும், சுழற்சி என்ற பெயருக்கு முழுத் தகுதியுடைய வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்த வேதியியலாளர்களின் பெயர்கூட வெளியே தெரியாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் 21, 28 விழுக்காடு புளூட்டோனியம் கொண்ட இருவகை மாக்ஸ் பயன்படுகிறது. பிரான்சின் நீர் உலை மாக்ஸில் ஒன்பது விழுக்காட்டை ஒட்டியே இருப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். உலைக்குள்ளும் குழாய்களிலுமாக 1,750 டன் சோடியம். இங்கே "பொருளியல் பார்வை" எழுப்பிய கேள்விகள் நேராக வந்து நிற்கின்றன. அவற்றைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. 2004-இல் கட்டுமானம் தொடங்கியபோது 2010-ஐ ஒட்டி முடியும் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆழிப்பேரலை அடித்தளக் குழிக்குள் புகுந்தது. பின்னும் பல தாமதங்களுக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் உலைக்கருவை நிரப்பும் பணி பிரதமர் முன்னிலையில் தொடங்கிவைக்கப்பட்டது. செலவும் முதல் மதிப்பீட்டைப் பெரிதும் தாண்டிவிட்டது. சோடியம் நீரோடும் காற்றோடும் தீவிரமாக வினைபுரியும். ஜப்பானின் மொஞ்சு உலை 1995 டிசம்பரில் ஏற்பட்ட ஒரு சோடியக் கசிவிலிருந்து உண்மையில் மீளவே இல்லை, 2016-இல் கைவிடப்பட்டது. பிரான்சும் தன் 1,240 மெகாவாட் சூப்பர்ஃபீனிக்ஸை 1997-இல் மூட முடிவெடுத்தது. மறுபுறம் ரஷ்யாவின் பிஎன்-600 உலை 1980 முதல் இயங்குகிறது. பிஎன்-800 உலை 2022-இல் முழுவதும் மாக்ஸால் நிரப்பப்பட்டது. இது முடியாத தொழில்நுட்பம் அன்று. பொறுமையும் ஒழுங்கும் மிகுதியாகக் கேட்கும் தொழில்நுட்பம். கல்பாக்கம் ஈனுலை பன்னாட்டு முகமையின் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அதனால் கணக்கு வைப்பது பற்றிய கேள்விக்கு வெளியாட்கள் சரிபார்க்கக்கூடிய விடை கிடையாது என்பதும் உண்மையே.

இன்னொரு கணக்கும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆக்சைடு எரிபொருளில் பெருக்க விகிதம், அதாவது எரிவதற்கு விளைவது எத்தனை பங்கு என்பது, ஒன்றைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஓர் ஈனுலை தனக்கு நிகரான இன்னோர் உலைக்குத் தேவையான புளூட்டோனியத்தை விளைவித்துத் தரப் பல பத்தாண்டுகள் ஆகும். உலோக எரிபொருளுக்கு மாறினால் அந்தக் காலம் குறையும் என்பதால் கல்பாக்கத்தில் அதற்கான ஆய்வும் நடக்கிறது. எவ்வளவு விரைவாகப் பெருக்கினாலும், எரிந்த எரிபொருளைக் குளிர்வித்து, கரைத்து, மீண்டும் வில்லையாக்கும் ஆலைகள் உலைகளோடு சேர்ந்தே வளர வேண்டும். ஈனுலை எரிபொருளுக்கான செயல்விளக்க மறுசெயலாக்க ஆலை 2024 சனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முன்மாதிரி ஈனுலைக்கென்றே தனியான எரிபொருள் சுழற்சி வளாகமும் அருகில் கட்டப்பட்டு வருகிறது.

கடைசியாக, எந்த வழியில் போனாலும் மறுசுழற்சிக்கு உட்படாத அந்தப் பிளவுப் பொருள்கள். அவற்றைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்து எஃகுக் கலன்களில் அடைக்கிறார்கள். சீசியம், ஸ்ட்ரான்சியம் இரண்டின் அரை ஆயுளும் முப்பது ஆண்டுகள் அளவே என்பதால் முதல் சில நூற்றாண்டுகளில்தான் வெப்பம் மிகுதி. காற்றோட்டத்தால் குளிரும் கிடங்கொன்றில் அக்கலன்கள் தாராப்பூரில் வைக்கப்பட்டிருக்கின்றன. பிரான்சு தன்னுடையவற்றைப் பியூர் என்ற ஊருக்கு அருகே, 500 மீட்டர் ஆழத்துக் களிமண் பாறைக்குள் வைப்பதற்கான உரிமத்துக்கு 2023-இல் விண்ணப்பித்தது. இந்தியாவில் அத்தகைய ஆழ்நிலக் கிடங்கு இன்னும் கட்டப்படவில்லை.